சிறு வியாபாரிக்குத் தடையாக நிற்பது எது?



மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது நாம் தினமும் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். பைக்கில் ஓர் இளைஞர் வருகிறார். பழ வண்டி, சமோசாக் கடை, கோழிக் கடை, தெருமுனையில் இடியாப்பக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் சகோதரி என்று ஒவ்வோர் இடமாக நிற்கிறார். கல்லாவிலிருந்தோ முந்தானை முடிச்சிலிருந்தோ ஒரு நூறு ரூபாய்த் தாள் வெளியே வருகிறது. அதை வாங்கிக்கொண்டு ஒரு சிறிய அட்டையில் தேதியைக் குறித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார். அவர்தான் தண்டல்காரர். மழை பெய்தாலும் வருவார், கடைக்காரருக்குக் காய்ச்சல் என்றாலும் வருவார். நாமோ அவருடைய வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இந்த மாதப் பாடம் அந்த அட்டையைப் பற்றியது.

பதிவு, உரிமம், நிரந்தர இடம் எதுவும் இல்லாமல் நடக்கும் தொழில்களை அமைப்புசாராத் தொழில்கள் என்கிறோம். உலகம் முழுவதும் சுமார் 200 கோடி மக்கள், அதாவது வேலை செய்வோரில் பத்தில் ஆறு பேர், இப்படித்தான் பிழைக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் வளரும் நாடுகளில் இருப்பவர்கள். நம் மஹல்லாவிலும் அத்தர், தொப்பி விற்பவர், தவணைக்கு நைட்டி விற்கும் சகோதரி, பழைய இரும்பு வாங்குபவர், நோன்பு மாதத்தில் மட்டும் வடைச் சட்டி வைப்பவர் என எண்ணிப் பார்த்தால் இத்தகைய வியாபாரி இல்லாத தெரு ஒன்றுகூட இருக்காது.

உழைப்பு குறைவா?

வியாபாரத்தில் முன்னேறாதவரைப் பார்த்து, "அவருக்கு முயற்சி போதாது" என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. அதற்கு ஆதாரமாக அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாற்றையும் சொல்கிறோம். மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்த அவர்களுக்கு, சஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அவருக்காக பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கி, சில நாட்களிலேயே சொந்தக் காலில் நின்றார்கள்.

இந்த வரலாற்றில் நாம் ஒரு பாதியை மட்டும் எடுத்துச் சொல்கிறோம். கேட்காமலே கொடுக்க முன்வந்த ஒரு சகோதரர் இதில் இருக்கிறார். புதிதாக வந்தவரும் நுழைந்து விற்கக்கூடிய ஒரு சந்தையும் இருக்கிறது. இந்த இரண்டும் இருந்த ஊரில்தான் உழைப்பு பலன் தந்தது. நம் சிறு வியாபாரிகள் ஃபஜ்ருக்கு முன் எழுந்து இஷாவுக்குப் பின் அடுப்பை அணைக்கிறார்கள். அவர்களிடம் உழைப்பு இருக்கிறது. மற்ற இரண்டும் இருக்கின்றனவா என்பதுதான் நம்மிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

முதல்: நூறு நாள் தண்டலின் கணக்கு

நாம் நன்கு அறிந்த ஓர் இடியாப்ப வியாபாரியான சகோதரியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். கணவர் மருத்துவமனையில் சேர்ந்தபோது கையிலிருந்த முதல் கரைந்துவிட்டது. மறுநாள் மாவு வாங்கவும், சிலிண்டர் மாற்றவும் பணம் இல்லை. தண்டலில் 10,000 ரூபாய் எடுத்தார். 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்தார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் 8,500 ரூபாயும் நூறு நாள் முழுவதும் அவர் கையில் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறார். சராசரியாகப் பார்த்தால் சுமார் 4,250 ரூபாய்தான் நூறு நாள் அவரிடம் இருந்தது. அதற்கு 1,500 ரூபாய் வட்டி என்றால் நூறு நாளுக்கு 35 சதவீதம். ஆண்டுக் கணக்கில் அது 125 சதவீதத்துக்கும் மேல். ஓர் அட்டை முடிந்ததும் அடுத்த அட்டை என்று ஆண்டு முழுவதும் சுழன்றால், 5,000 ரூபாய்க்கு மேல் வெறும் வட்டியாகவே போய்விடும்.

அந்தச் சகோதரிக்கு ஒரு நாள் லாபம் 350 ரூபாய் அளவில்தான். அதில் நூறு தண்டலுக்குப் போனது. விற்காத நாளின் தவணையைக் கட்ட இரண்டாவது தண்டல் எடுத்தார். அப்புறம் தினமும் இருநூறு. மீதி 150 ரூபாயில் குடும்பம் நடக்க வேண்டும், மறுநாள் மாவும் வாங்க வேண்டும். மூட்டையாக வாங்கினால் விலை குறையும் என்று அவருக்குத் தெரியும். கையில் பணம் இல்லாததால் சில்லறைக் கடையில் கிலோ கிலோவாகக் கூடுதல் விலைக்கு வாங்கினார். குறைந்த முதல் உள்ளவர் எல்லாவற்றுக்கும் அதிக விலை கொடுக்கிறார்.

தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனையும் உண்டு. ஆனாலும் புகார் கொடுக்க யாரும் போவதில்லை. நாளைக்கே மறுபடியும் பணம் தேவைப்பட்டால் யாரிடம் போவது என்ற பயம்தான் காரணம்.

இங்கே நம் மனத்தைத் தைக்கும் ஒன்று உண்டு. நம் சகோதர சகோதரிகளில் பலர், வட்டி ஹராம் என்ற அச்சத்தால் வங்கிக் கடன் பக்கமே போகாதவர்கள். அந்த இறையச்சம் போற்றத்தக்கது. ஆனால் அப்படி ஒதுங்கி நின்றவர் நெருக்கடி வந்த மாலையில், எல்லா வட்டியிலும் கொடிய வட்டிக்குக் கையை நீட்ட வேண்டியதாகிறது. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சி நிற்பவர் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸில் வந்துள்ளது. எழுதியவருக்கும் சாட்சிக்கும்கூடப் பங்கு உண்டு என்று சொல்லும் மார்க்கத்தில், தினமும் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நடந்த நமக்குக் கேள்வி இருக்காதா?

நமது விதியே தடையானது

"நம் அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் இருக்கிறதே, ஏன் வரவில்லை?" என்று அந்தச் சகோதரியிடம் பிறகு கேட்டோம். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறோம்: "உங்ககிட்ட வந்தா ரெண்டு கடைக்காரங்க ஜாமீன் கையெழுத்து வேணும்ணே. கையெழுத்துக்காக ரெண்டு வாசல் ஏறி நின்னா என் கஷ்டம் ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் கமிட்டி கூடுற வரைக்கும் காத்திருக்கணும். எனக்கு மறுநாள் காலையில மாவு வாங்கணுமே. தண்டல்காரர் ஒண்ணும் கேக்கல."

அன்று நாம் தலைகுனிந்தோம். ஜாமீன் விதியை எழுதியவர்கள் நாம்தான். நிதி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் எழுதினோம். ஆனால் சொந்தக் கடை வைத்திருக்கும் இருவரை அறிந்தவருக்குத்தான் அந்த விதி கதவைத் திறந்தது. அப்படிப்பட்டவருக்கு நம் கடன் அவ்வளவு தேவைப்படவும் இல்லை. பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவருக்கு, பத்து மைல் தாண்டி வந்த தண்டல்காரர் நம்மைவிட அருகில் இருந்தார்.

இடம்: சட்டம் என்ன சொல்கிறது?

முதலுக்கு அடுத்த தடை இடம். துனீசியா நாட்டில் சிதி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற முகம்மது பூஅஸீஸி என்ற இளைஞரின் தராசை 2010 டிசம்பர் 17 அன்று அதிகாரிகள் பறித்தார்கள். முறையிடப் போன இடத்தில் யாரும் காது கொடுக்கவில்லை. மனமுடைந்து தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளத் துணிந்த அவர் சில வாரங்களில் இறந்தார். தற்கொலையை மார்க்கம் தடுத்திருக்கிறது. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த நாட்டின் ஆட்சியே மாறும் அளவுக்கு மக்கள் கொதித்தது, ஒவ்வொரு சிறு வியாபாரியும் அந்தத் தராசில் தன் தராசைக் கண்டதால்தான்.

நம் நாட்டில் தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் ஒரு சட்டம் வந்தது. அதில் உள்ள சிலவற்றை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, ஊரில் உள்ள தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து, அவர்களுக்கு வியாபாரச் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை ஏற்கெனவே இருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது.

இரண்டாவது, வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

மூன்றாவது, பொருளைப் பறிமுதல் செய்தால் அதற்குப் பட்டியல் தர வேண்டும். உரிய கட்டணம் செலுத்திக் கேட்டால், அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ஆகவே வண்டியை எடுத்துப் போனால் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பட்டியல் கேளுங்கள்.

நான்காவது, ஒவ்வோர் ஊரிலும் அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம் சகோதர சகோதரிகள் அந்தக் குழுவில் இடம்பெற முன்வர வேண்டும்.

சான்றிதழ் வைத்திருப்பவர் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டாலோ, கணவன் அல்லது மனைவி, அல்லது அவரை நம்பியிருந்த பிள்ளை அந்த இடத்தில் வியாபாரத்தைத் தொடர சட்டம் வழி செய்கிறது. எத்தனை விதவைச் சகோதரிகள் இது தெரியாமல் வண்டியை விற்றிருப்பார்கள்!

தாள் இல்லாத வியாபாரி

இருபது ஆண்டு ஒரே மூலையில் வியாபாரம் செய்தவரிடம், "நீங்கள் வியாபாரி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இது மூன்றாவது தடை. ஆதாரம் இல்லாததால் உதவி இல்லை, நிவாரணம் இல்லை. கொரோனா ஊரடங்கின்போது இதைக் கண்ணால் பார்த்தோம்.

வியாபாரச் சான்றிதழோடு இன்னும் மூன்று தாள்களைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. இது முழுவதும் இலவசம். பணம் கேட்கும் தரகர்களிடம் ஏமாற வேண்டாம். இரண்டு, உணவு விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. சிறிய அளவில் விற்பவர்களுக்குப் பெரிய லைசன்ஸ் தேவையில்லை, எளிய பதிவே போதும். வீட்டில் சமைத்து விற்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். மூன்று, தமிழ்நாடு அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் உறுப்பினர் பதிவு. தெருவோர வியாபாரிகளுக்கும் இதில் இடம் உண்டு. பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து மற்றும் மரண உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை இதன் வழியாகக் கிடைக்கின்றன.

பி.எம். ஸ்வநிதி என்ற கடன் திட்டத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2020இல் தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு தொடங்கியது இது. முறையாகக் கட்டுவோருக்கு அரசு 7 சதவீத வட்டி மானியம் தந்தாலும், அடிப்படையில் இது வட்டியோடு கூடிய வங்கிக் கடன்தான். இதில் சேரலாமா என்பதை உங்கள் நிலையைச் சொல்லி உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால், "கடன் வேண்டாம், அதனால் சான்றிதழும் வேண்டாம்" என்று இருந்துவிடாதீர்கள். சான்றிதழ் உங்கள் உரிமை. அதில் வட்டி எதுவும் இல்லை.

கல்லாவும் வீட்டுச் செலவும்

எல்லாத் தடையும் வெளியிலிருந்து வருவதில்லை. கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பையில் இருப்பது நாமே வைத்துக்கொள்ளும் தடை. மகனின் பள்ளிக் கட்டணம், மைத்துனர் வீட்டுக் கல்யாணச் சீர், பெருநாள் துணி எல்லாம் கல்லாவிலிருந்தே போகின்றன. மாதக் கடைசியில் லாபமா நட்டமா என்று தெரிவதில்லை. கடன் சொல்லி வாங்கிப் போனவர்களின் கணக்கு நினைவில் மட்டும் இருக்கிறது. வியாபாரி மௌத்தாகிவிட்டால், யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அவரோடு போய்விடுகிறது.

கடன் கொடுக்கல் வாங்கலை, சிறியதோ பெரியதோ, தவணையோடு எழுதிவைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் ஏவுகிறது. ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, கடைசிப் பக்கங்களில் கடன். வீட்டுச் செலவுக்கென்று தினமும் ஒரு தொகையைக் கூலி போல எடுத்துக்கொண்டு, மீதியைத் தொடாதீர்கள். எழுதத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். கணக்கு எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் கணவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

லாகூரில் தொடங்கிய முயற்சி

வட்டியில்லாமல் சிறு கடன் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாகிஸ்தானின் லாகூரில் 2001இல் டாக்டர் முஹம்மது அம்ஜத் சாகிப் அவர்கள் 'அகூவத்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மதீனாவில் முஹாஜிர்களுக்கும் அன்சாரிகளுக்கும் இடையே ஏற்படுத்தப்பட்ட சகோதரத்துவமே அந்தப் பெயருக்கும் பணிக்கும் மூலம். மேலே சஅத் (ரலி) அவர்களிடம் நாம் பார்த்ததும் அதைத்தான். முதல் கடன் ஒரு விதவைப் பெண்ணுக்குக் கொடுத்த 10,000 ரூபாய். அவர் அதை முழுவதும் திருப்பித் தந்தார். தனி அலுவலகங்களுக்குச் செலவழிக்காமல் பள்ளிவாசல்களிலேயே கடன் வழங்கினார்கள்; பிற வழிபாட்டுத் தலங்களிலும் வழங்கினார்கள். இன்று பல லட்சம் குடும்பங்களுக்கு அந்த உதவி போய்ச் சேர்ந்திருக்கிறது. 2021இல் டாக்டர் சாகிப் அவர்களுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

நம்மிடமும் பள்ளிவாசல் இருக்கிறது, பைத்துல்மால் இருக்கிறது, கொடுக்கும் மனமும் இருக்கிறது. முறைதான் மாற வேண்டியிருந்தது.

நாம் செய்த மாற்றம்

இப்போது 15,000 ரூபாய் வரையிலான வியாபாரக் கடனுக்கு இரண்டு கடைக்காரர் ஜாமீன் கேட்பதில்லை. சக வியாபாரியோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒருவர் போதும். கமிட்டி கூடும் வரை காத்திருக்காமல் பொறுப்பாளர்கள் இருவர் இரண்டு நாளில் முடிவு செய்வார்கள். பெண்கள் விண்ணப்பிக்கவும் தவணை கட்டவும் நம் மகளிர் குழுச் சகோதரியையே சந்திக்கலாம். பெயர்கள் வெளியே சொல்லப்படுவதில்லை.

தண்டல் பாக்கி இருந்தால் முதலில் அதை அடைத்த பிறகே வியாபாரத்துக்குப் பணம் தருகிறோம். அந்த இடியாப்பச் சகோதரியின் இரண்டு அட்டைகளும் அப்படித்தான் முடிந்தன. இப்போதும் அவர் தினம் நூறு ரூபாய் எடுத்துவைத்து வாரம் ஒரு முறை கட்டுகிறார். ஆனால் 10,000 வாங்கினால் முழுப் பத்தாயிரமும் அவர் கைக்குப் போகிறது. மழை வாரத்தில் தவணை தள்ளிவைக்கப்படுகிறது. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும், விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்பது அல்பகராவின் 280ஆம் வசனம் தரும் படிப்பினை.

எல்லாரும் ஒழுங்காகத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டோம். வியாபாரத்துக்கு வாங்கியதைப் பெருநாளுக்குச் செலவழித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அன்போடு ஒன்று சொல்கிறோம்: இது அமானிதம். நீங்கள் கட்டும் நூறு ரூபாய்க்காக அடுத்த தெருவில் ஒருவர் காத்திருக்கிறார்.

வசதியுள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கர்ளன் ஹஸனா நிதியை நாம் ஜகாத்திலிருந்து எடுப்பதில்லை. அது தனி நன்கொடையால் நடக்கிறது. ஓராண்டுக்கு மட்டும் உங்கள் பணத்தை இதில் வைத்துவிட்டுத் திரும்பப் பெறவும் வழி உண்டு. உண்மையிலேயே கட்ட முடியாமல் கடனில் மூழ்கியவர்களின் நிலை வேறு. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளையும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சேர்த்திருக்கிறது. உங்கள் ஜகாத்தைக் கணக்கிடும்போது அவர்களையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் கலந்து பேச

1. நம் குடும்பத்தில் யாரிடமாவது தண்டல் அட்டை இருக்கிறதா? அதை மறைக்காமல் சொல்லும் சூழல் வீட்டில் இருக்கிறதா?

2. கடை வருமானமும் வீட்டுச் செலவும் தனித்தனியாக எழுதப்படுகின்றனவா?

3. வியாபாரச் சான்றிதழ், உத்யம், நல வாரியம் இவற்றில் எது நம்மிடம் இல்லை? அதைப் பெற யார், எப்போது போகப் போகிறார்?

4. தெருவோர வியாபாரியிடம் கடன் சொல்லி வாங்கி, இன்னும் கொடுக்காத பாக்கி நம்மிடம் இருக்கிறதா? இருந்தால் இன்றே கொடுத்துவிடுவோம். அவருடைய மறுநாள் முதல் அதுதான்.

விண்ணப்பங்களை நிரப்பத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் உதவி செய்யப்படும். ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும் கொண்டு வாருங்கள். தண்டல் அட்டை இருந்தால் வெட்கப்படாமல் அதையும் கொண்டு வாருங்கள்.

வட்டியின் பிடியிலிருந்து நம் குடும்பங்களை அல்லாஹ் விடுவிப்பானாக. ஹலாலான உழைப்பில் பரக்கத் செய்வானாக. கொடுப்பவருக்குத் தாராளத்தையும், வாங்குபவருக்கு நேர்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.